கேரியகூ தீவின் மூன்று மேளங்கள்

நான் மிருதங்கம் கற்றுக்கொடுப்பவன். ஆனால் இன்று கரீபியன் கடலில் இருக்கும் கேரியகூ என்ற சின்னத் தீவையும், அங்கே வாசிக்கிற மூன்று மேளங்களையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கரீபியன் என்றால் ஸ்டீல் டிரம், கலிப்ஸோ, பாப் மார்லி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேரியகூ அவ்வளவாகக் காதில் விழாத பெயர். கிரெனடா நாட்டைச் சேர்ந்த தீவு. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் காலம் காலமாகப் புழங்கி வந்திருக்கிறார்கள். ஹில்ஸ்பரோதான் பெரிய ஊர். விண்ட்வர்ட் என்ற இன்னோர் ஊரில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தார் கடற்கரையிலேயே மரப்படகு கட்டுகிறார்கள். முதலில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த தீவு, 1763-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர், தோட்ட வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம்.

எத்தனையோ தீவுகளில் அந்த மக்களுக்குத் தங்கள் பூர்வீகம் அழிந்துபோனது. கேரியகூவில் அழியவில்லை. குரோமான்ட்டி, இக்போ, மாண்டிங், காங்கோ என்று தங்கள் இனம் எது என்பதைத் தகப்பன் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இதை எந்த ஏட்டில் எழுதிவைத்தார்கள்? மேளத்தில் எழுதிவைத்தார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாளம், ஒரு பாட்டு, ஓர் ஆட்டம். இதற்கு ‘பிக் டிரம்’ என்று பெயர்.

இறந்தவருக்குக் கல்லறைக் கல் வைக்கும்போது இது நடக்கும். புதுப் படகைக் கடலில் இறக்கும்போதும் நடக்கும். முன்னோருக்கென்று ஒரு தட்டில் சாப்பாடு தனியாக எடுத்து வைப்பார்கள். ரம்மும் தண்ணீரும் தரையில் தெளிப்பார்கள். முன்னோரிடம் பிழை பொறுக்கக் கேட்கிற பாட்டு முதலில் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி மேளத்துக்கு வருகிறேன். பழைய ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிய மேளங்கள். மொத்தம் மூன்று. இரண்டுக்குப் பூலா என்று பெயர். நடுவில் இருப்பது கட்டர். பூலா இரண்டும் பிடித்த நடையை விடுவதில்லை. கட்டர்தான் பேசும். இன்னொரு முறை சொல்கிறேன்: பூலா நடையை விடாது, கட்டர் பேசும்.

அந்தக் கட்டரின் தோலுக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலில் குண்டூசிகளைக் கோத்திருப்பார்கள். கை விழும்போதெல்லாம் ஊசிகள் தோல்மேல் அதிரும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கரகரப்பு ஏறுகிறது. மூன்று மேளமும் பெண்களின் குரலும் சேர்ந்து முழங்கும்போதும் கட்டரின் சொல் தனியாகக் காதில் விழுவது அந்தக் கரகரப்பால்தான். வாசிப்பவர் கண் முழுக்க ஆடுகிற பெண்ணின் காலில் இருக்கும். அவள் பாவாடையை விரித்து ஒரு திருப்பம் எடுத்தால் கட்டர் அதற்குப் பதில் சொல்லும். சபையைப் பார்த்து வாசிக்கிற வாசிப்பே கிடையாது.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இப்போது தாள வாத்தியம் என்றாலே வேகம் என்று ஆகிவிட்டது. ‘பியூஷன்’ மேடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. என் மாணவர்களிடம் பூலா வாசிக்கிற நடையை மட்டும் மாற்றாமல் வாசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை, விரல்கள் முடித்துக் காட்டுகிற மோராவைத் தேட ஆரம்பித்துவிட்டன. கை தேர்ந்த பிள்ளைகள்தான். மாறாமல் நிற்பது அவ்வளவு கடினம். அதனால்தான் சொல்கிறேன், மூவரில் பெரிய வித்வான்கள் பூலா வாசிக்கிற அந்த இரண்டு பேர். கட்டருக்கு எவ்வளவு கைதட்டல் விழுந்தாலும் என் முடிவு இதுதான்.

இந்த மேளங்கள் இருக்கும் தீவுக்கே ஓர் ஆபத்து வந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் நேராகக் கேரியகூவில்தான் கரையேறியது. தீவின் பெரும்பாலான கட்டடங்கள் சேதமடைந்தன. கூரை போனால் அங்கே குடிதண்ணீரும் போயிற்று என்று அர்த்தம். தண்ணீர் இல்லாவிட்டால் ஆள் தங்குவது கடினம். இப்படிப்பட்ட ஊரின் கலை, அந்த ஊரில் ஆள் இருந்தால்தான் இருக்கும்.

அமெரிக்க இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் 1962-இல் இந்தத் தீவுக்குப் போய் ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை இன்று இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். தாளம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். முதல் தடவை கட்டரை விட்டுவிடுங்கள். பூலாவை மட்டும் கேளுங்கள்.