பாடத்தில் விடுபட்ட வரி



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரில் நடக்கிறது என்பதை அட்டையிலேயே பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அவர் எப்போதும் ‘சார்’தான். பகலில் அரசு வேலை, இரவில் சேரியில் பாடசாலை. நாங்கள் பலரும் அங்கேதான் வேதியியல் படித்தோம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு பாடத்தில் மூன்று பண்புகள் வரும்: நிறமற்றது, அழுகிய முட்டை நாற்றம் கொண்டது, காற்றைவிடக் கனமானது. ஒப்பித்தால் மதிப்பெண். சார் நான்காவதாக ஒரு வரியை எழுதச் சொல்வார். அளவு கூடினால் இந்த வாயு மூக்கின் மணமறியும் திறனையே செயலிழக்கச் செய்துவிடும். தொட்டிக்குள் இறங்கியவர் நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அவருக்குச் சாவு நெருங்கியிருக்கும். “இது பரீட்சைக்கு வராதுப்பா, நம்ம தெருவுக்கு வரும்” என்பார்.

அந்த நான்காவது வரி ஒப்பந்தக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். வேலைக்கு உத்தரவு போடும் பொறியாளருக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. சாக்கடைச் சாவுகளுக்குக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுகள் நிற்கவில்லை. அறியாமையால் நேரும் சாவுகள் அல்ல இவை. அறிந்தவர்கள் இருக்கும்போதே நேருபவை. அறிவியல் படித்தவர், தாம் அறிந்ததைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதுதான் இன்றைக்கு நாம் பேச வந்த பொருள்.

இந்தக் கேள்வியை நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு மக்கள் நாற்பது ஆண்டுகள் தங்கள் உடம்பிலேயே சுமந்தார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேக்கன் வட்டாரம். 1932-இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. அறுநூறு கறுப்பின ஆண்கள். பெரும்பாலும் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைகள். 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். சிகிச்சை என்று நம்பவைத்து முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். சாப்பாடு போட்டார்கள், அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு ஈடாக, இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க அனுமதி. சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோய் ஒரு மனிதனை எப்படிக் கொல்லும் என்று கடைசிவரை பார்ப்பதே நோக்கம். 1940-களின் இறுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. இவர்களுக்குத் தரவில்லை.

இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆய்வு முடிவுகள் 1936 முதல் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டே இருந்தன. படித்தவர்கள் வாசித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள். இர்வின் ஷாட்ஸ் என்ற மருத்துவர் 1965-இல் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

நம்மைத் தூங்கவிடாமல் செய்யும் பெயர் இன்னொன்று: யூனிஸ் ரிவர்ஸ். கறுப்பினச் செவிலியர். கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த டஸ்கீகி நிறுவனத்தில் படித்தவர். ஆய்வு நடந்த காலம் நெடுக அந்த ஆண்களைக் காரில் அழைத்துப்போனவர், நலம் விசாரித்தவர், இழவு வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்தவர். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மாறவில்லை. அவரை நம்பித்தான் அந்த மக்கள் வந்தார்கள்.

அவரைத் தூற்றுவது எளிது. நிறவெறி ஆண்ட அலபாமாவில் ஒரு கறுப்பினப் பெண் வெள்ளை மருத்துவரின் உத்தரவை மறுத்தால் என்ன ஆகியிருக்கும்? தன்னால் முடிந்த பராமரிப்பை அவர் தந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் தோழர்களே, நாம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். நம்மவர் ஒருவர் உள்ளே இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். இடஒதுக்கீட்டுக்காகப் போராடினோம், இன்னமும் போராடுவோம். உள்ளே போகாமல் எதுவும் நடக்காது. ஆனால் உள்ளே தனியாக நிற்கும் நம்மவரின் முகத்தையே, நம் மக்களை அழைத்து வரும் கயிறாக நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

மறுத்தவரின் கதையையும் பார்ப்போம். பீட்டர் பக்ஸ்டன், அதே சுகாதாரத் துறையின் சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் இளநிலை ஊழியர். 1966-இல் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார், 1968-இல் மறுபடியும். 1969-இல் நிபுணர் குழு கூடி, ஆய்வைத் தொடரலாம் என்றது. கடைசியில் அவர் ஆவணங்களைப் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளியானது. அந்த ஆண்டே ஆய்வு நின்றது. ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஃபிரெட் கிரே பாதிக்கப்பட்டோருக்காக வழக்குத் தொடுத்தார். 1974-இல் ஒரு கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

ஒரு மனிதரின் மனசாட்சி ஆறு ஆண்டுகள் தனியாக நின்றபோது எதுவும் நடக்கவில்லை. கேட்பதற்கு ஒரு செய்தியாளர் கிடைத்தபின், வாதாட ஒரு வழக்கறிஞர் வந்தபின்தான் அது வென்றது. தனிமனிதரின் அறமுடிவு என்கிறோம். முடிவு தனிமனிதருடையதுதான். அதைத் தாங்கிப் பிடிக்கக் கூட்டம் வேண்டும்.

அதே 1972-இல்தான் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் பிறந்தது. பெயரைக் கொடுத்த அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? தங்கள் குடியிருப்புகளில் இலவச மருத்துவமனை நடத்தினார்கள். அரிவாள் செல் சோகைக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அறிவியல் நம்மை ஏமாற்றியது என்று அதைத் தூக்கி எறியவில்லை. யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு என்று கேட்டுக்கொண்டே அதைக் கையில் எடுத்தார்கள்.

பாபாசாகேப் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் பிரக்ஞையைத் தனியே விடவில்லை. சீலத்தையும் கருணையையும் அதனோடு சேர்த்தே வைத்தார். நம் வகுப்பறைகள் பிரித்துவிட்டன. அறிவியல் மதிப்பெண்ணுக்கு, அறம் திருக்குறள் ஒப்பித்தலுக்கு.

நம் வீடுகளின் முதல் மருத்துவரும் முதல் பொறியாளரும் இன்று ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு கோப்பு வரும். கையெழுத்துப் போட்டால் ஒருவர் தொட்டிக்குள் இறங்குவார். போடாவிட்டால் வேலைக்கு ஆபத்து. வீட்டுக்கடன் இருக்கும், தங்கையின் படிப்பு இருக்கும். “நேர்மையாக இரு” என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. மறுத்துவிட்டு வருகிற பிள்ளையை யார் சேர்த்துக்கொள்வது? அவருக்காக யார் மனு எழுதுவது, யார் செய்தியாக்குவது, வழக்காடும்வரை அந்த வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு?

இந்தப் பேரவை அதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வழக்கறிஞர்களும் பத்திரிகைத் தோழர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். அப்படி ஒரு பிள்ளை கதவைத் தட்டினால் திறக்கச் சம்மதிப்பவர்கள் தங்கள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள்.

சார் எழுதச் சொன்ன நான்காவது வரியை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.