‘இவன் யார்?’: இரவல் பாத்திரங்களின் இயல்பு



எந்த ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவின் அறக்கட்டளை அமைந்திருக்கிறதோ, அவரிடம் நான் இரண்டாண்டு படித்தேன். அந்நாளில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சி எழுதி அவரிடம் கொடுத்தேன். அதில் அந்த நாவலின் வந்தியத்தேவன் இளவரசி குந்தவையின் முன் நின்று நான்கு பக்கத்துக்குத் தன் மனத்துயரைக் கொட்டுவான். ஒரு வாரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது. எழுத்துப்பிழையைக்கூட அவர் தொடவில்லை. அந்த நான்கு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் இரண்டு சொல்: ‘இவன் யார்?’

இப்படித் தொடர்ச்சி எழுதுவதை இன்று கைபேசியில் எழுதும் பிள்ளைகள் ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்கிறார்கள். பாத்திரம் இயல்பு தவறினால் ‘ஓஓசி’ என்று மூன்றெழுத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெயர்தான் புதிது, ஆசை பழையது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் ‘பொன்னியின் செல்வ’னோடு வாழ்ந்தவர்களுக்கு அது முடிந்ததே பிடிக்கவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் அவரே மறைந்துவிட்டார். பிறகு விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். என் நோட்டும் அந்த வரிசையில் வந்த ஒரு குட்டிதான்.

ஆசிரியர் கேட்ட பிறகு அவசரமாகத் திருத்தினேன். வந்தியத்தேவனுக்குப் பசி வைத்தேன், குதிரை வைத்தேன், பக்கத்துக்கு ஒரு குறும்பு வைத்தேன். மாறுவேடப் போட்டிக்கு வந்த சிறுவன் மாதிரி ஆனான். இந்தத் தவறை அனுபவசாலிகளும் செய்கிறார்கள். அதே நாவலின் ஆழ்வார்க்கடியான் நம்பியை எழுத உட்கார்ந்தால் அத்தியாயத்துக்கு ஒரு முறை அவன் கையில் தடி ஓங்கும். தடியைப் பிடுங்கி வைத்தாலும் அவன் நம்பியாகத் தெரிய வேண்டாமா?

வந்தியத்தேவனிடம் நான் கவனிக்கத் தவறியது அவன் பேச்சை. குடந்தை சோதிடர் வீட்டு வாசலில் தடுத்த சீடனோடு மல்லுக்கட்டி உள்ளே போய் விழுகிறவன் அவன். காலும் வாயும் யோசனைக்கு முன்னால் ஓடும். முன்பின் தெரியாதவர்களிடம் பொய் சரளமாக வரும். ஆனால் நம்பி ஒப்படைத்த செய்தி மட்டும் கசியாது. அவ்வளவு பேச்சும் உள்ளே இருப்பதை மறைக்கத்தான். அப்படிப்பட்டவன் துயரத்தை நான்கு பக்கத்துக்கு விரித்துச் சொல்வானா?

அவன் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்கியின் கடைசி அத்தியாயத்தில் அவனைக் காதலித்த மணிமேகலை அவன் மடியில் உயிர் விடுகிறாள். அதற்குப் பிறகு வாயடைத்துப் போன ஒரு வந்தியத்தேவனை எழுதினால் நான் நம்புவேன். பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துவிட்டேன் அல்லவா!

நிகழ்ச்சியை மாற்றலாமா என்றால், கம்பனைவிடத் துணிச்சலாக மாற்றியவர் யார்? வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்க்க வைத்தான். சீதையைத் தீண்டக் கூடாது என்பது கவிஞனின் விருப்பம். அதை நேரே திணிக்காமல், விரும்பாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்ற பிரமன் சாபத்தை இராவணன் நினைவுக்குக் கொண்டுவந்தான். தலைக்குப் பயந்து அவனே ஒதுங்குகிறான். காமம் குறையவில்லை, இராவணன் இராவணனாகவே இருக்கிறான். இந்தச் சாமர்த்தியத்தை எண்ணி நான் பொறாமைப்படாத நாள் இல்லை.

புதுமைப்பித்தன் இன்னும் ஒரு படி போனார். 1943இல் வந்த ‘சாப விமோசன’த்தில், சீதை தீக்குளித்த கதையை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். எந்த இராமாயணத்திலும் இல்லாத முடிவு. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்று புதுமைப்பித்தனே முன்குறிப்பு வைத்தார். எனக்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. மன்னிப்புக்குப் பிறகும் ஊர்க்கண் தன்மேல் உறுத்துவதைக் கதை நெடுகச் சுமந்தவள் அவள். தன்னை மன்னித்த இராமனே மனைவியிடம் சான்று கேட்டான் என்று தெரிந்ததும் வேறு என்ன ஆவாள்?

என் நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்த நான்கு பக்கங்களை மூன்று முறை மாற்றினேன். கடைசி வடிவத்தில் வந்தியத்தேவன் குந்தவையிடம், குதிரைக்குக் கொள்ளு போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறான். அதை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.