வளையம் எங்கே அறுகின்றது?

 

மீன்தொட்டி நீரையே உரமாகக் கொண்டு மண்ணின்றிப் பயிர் விளைக்கும் முறை இந்நாளில் பெரிதும் பேசப்படுகின்றது. மீன் கழிக்கும் அம்மோனியா மிகின் அம் மீனையே கொல்லும். நுண்ணுயிர்கள் அதனை முதற்கண் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை வேர்கள் உறிஞ்ச, தெளிந்த நீர் மீண்டும் தொட்டியை அடைகின்றது. கரிபியன் கடலின் செயிண்ட் குரோய் தீவில் சேம்சு இரகோசி என்னும் அறிஞர் பல்லாண்டுகள் உழைத்து, திலேப்பியா மீனோடு கீரைவகைகளை மிதவைகளில் வளர்த்துக் காட்டினார். இரும்பும் சுண்ணமும் பொட்டாசியமும் மட்டும் புறத்தேயிருந்து இடவேண்டியிருந்தது.

இதனை வகுப்பில் விளக்கியபோது மாணாக்கன் ஒருவன், "ஐயா, மீனுக்குத் தீனி எங்கிருந்து வரும்?" என்றான். வினா சிறிது, விடை எளிதன்று. மீன்தூளும் சோயா மாவும் கலந்து ஆலையில் உருட்டிய தீனியே பெரும்பாலும் இடப்படுகின்றது. பெரு நாட்டுக் கடலில் வாரும் நெத்திலி இனச் சிறுமீன்கள் அத்தூளுக்கு முதற்பொருள். கடலை வறிதாக்கித் தொட்டியை நிரப்புவதை வளையம் என்று எங்ஙனம் கூறுவது?

இவ்விடத்தேதான் புழு வேண்டப்படுகின்றது. கருப்புப் படைவீரன் ஈ எனப்படும் ஈயின் புழு அடுக்களைக் கழிவையும் அழுகிய கனியையும் தின்று இரண்டு மூன்று கிழமைகளில் கொழுத்துவிடும். உலர்த்திய புழுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு புரதம். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் பண்ணை மீனுக்குப் பூச்சிப் புரதம் இட இசைந்தது. ஆனால் நோயச்சம் கருதி, உணவகக் கழிவைப் புழுவுக்கு இடுதல் அங்கே தடுக்கப்பட்டுள்ளது. தவிடு போன்று மாடும் பன்றியும் உண்ணத்தக்கவற்றையே ஆலைகள் புழுவுக்கு ஊட்டுகின்றன. அத் தடையைப் பிழையெனக் கூறேன். எனினும் மாட்டின் தீனி புழுவின் வழியே மீனுக்குச் செல்வது வெறுஞ் சுற்றுவழியே.

சீனத்து முத்தாற்றுக் கழிமுகத்தின் உழவர் பன்னூறாண்டு முன்னரே வேறு வழி கண்டிருந்தனர். தாழ்நிலத்தைக் குளமாக அகழ்ந்து, அகழ்ந்த மண்ணைக் கரையாக உயர்த்தி, அதன்மேல் முசுக்கட்டை நட்டனர். இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சமும் நூலெடுத்தபின் எஞ்சிய கூட்டுப்புழுவும் கெண்டைக்கு, குளத்தின் அடிச்சேறு மீண்டும் செடிக்கு. ஆங்கு மண் உண்டே என்பீர்கள். உண்டு, ஆயினும் மீனுக்குரிய தீனி அக்கரையிலேயே விளைந்தது.

1980-களுக்குப் பின் ஆலைகளும் நகரங்களும் பெருகவே, அக்கழிமுகத்துக் குளங்களில் மிகப்பல தூர்ந்தன. வடகிழக்கே செச்சியாங்கு மாநிலத்து ஊச்சௌ வட்டாரத்தில் இதுபோன்ற குளங்கள் இன்றும் உள. பூச்சித்தீனிக்கு ஐரோப்பா இசைந்த அதே 2017-இல், உலக உணவு வேளாண்மை அமைப்பு அவற்றை வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.