மூடிய ஆலையும் மூடாத நஞ்சும்

(கலசப்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, நம் கலசப்பாக்கத்தைத் தழுவி ஓடிப் பாலாற்றிலே கலக்கிறது. அந்தப் பாலாற்றங்கரையில் இருப்பது ராணிப்பேட்டை. 1989 வரையில் அவ்வூரும் நம் ஊரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். ஆகவே, அங்கு மண்ணுக்கு நேர்ந்த கதி நமக்கு அயலார் கதை அன்று.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970-களில் எழுந்தது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை. குரோமிய உப்புகளை ஆக்கிற்று. 1990-களின் நடுவில் மூடிக்கொண்டது. ஆலை நின்றது; அதன் நஞ்சு நின்றதா? இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, திறந்த வெளியில் குன்றெனக் குவிந்து பல்லாண்டுகள் கிடந்தது. மழை பெய்தது, நஞ்சு கரைந்தது, நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. 2006-ல் உலகிலேயே மிகவும் மாசுற்ற 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயரும் ஏறியது. பெருமைப்படத்தக்க பட்டியலா அது?

குரோமியத்தில் இரு வகை உண்டு. ஒன்று மண்ணோடு ஒட்டிக் கிடப்பது. மற்றொன்று ஆறு இணைதிறன் கொண்டது, நீரில் கரைந்து ஊர் ஊராக நடப்பது, புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தரவிதி. கண்ணுக்கு மஞ்சள் தெரியுமுன்பே அந்த எல்லை கடந்துவிடும்!

“நிலம் வீணே கிடக்கிறதே, மண்ணைக் கொட்டி மட்டமாக்கி வீடு கட்டலாமே” என்பர் சிலர். அமெரிக்க நாட்டு நயாகரா நகரில் அதைத்தான் செய்தனர். லவ் கால்வாயில் 1942 முதல் ஏறத்தாழ 20,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்த கம்பெனி, 1953-ல் அந்நிலத்தை ஒரே டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. பள்ளி எழுந்தது, வீடுகள் எழுந்தன. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்து, குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது.

நஞ்சு மட்டுமா? நிலம் தாங்குமா என்பதும் கேள்வி. நியூ ஜெர்சியில் குரோமியத் தாதுக் கழிவைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தினர்; அது உப்பியது, மேலிருந்த கட்டடங்கள் விரிந்தன. நம் ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ல், தோல் கழிவுச் சகதியைத் தேக்கிய தொட்டியின் சுவர் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். சகதி திடமண் அன்று என்பதற்கு இனியும் சான்று வேண்டுமா?

எனவே, பழைய ஆலை நிலத்தில் ஒரு செங்கல் வைக்குமுன், அங்கு என்ன செய்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்று வரலாறு கேட்க வேண்டும். பல இடங்களில், பல ஆழங்களில் துளையிட்டு மண்ணைச் சோதிக்க வேண்டும். சுற்றுக் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் ஆராய வேண்டும். அடிமண் பாரம் தாங்குமா, ஒருபுறம் அமிழுமா என்று அளக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் ஊர்மன்றத்தின் முன் வைக்க வேண்டும்.

செலவு யாருடையது? மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான்! மாசுற்ற இடங்களைக் குறித்து 2025 ஜூலையில் டில்லி அரசும் விதிகள் வெளியிட்டது. ஐயத்திற்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. விதி ஏட்டில் உறங்காமல் எழுப்ப வேண்டியவர் நாம்.

ஏன் இவ்வளவு அக்கறை? நம் மாவட்டத்து மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமாட்டோம் என்று 2023-ல் போராடிய உழவர்கள்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கெடுத்த நிலத்தைக் கைகழுவிவிட்டு, கெடாத நிலத்துக்குக் கை நீட்டுவது எந்த நீதி? தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய நிலத்தைச் சோதித்து, தூய்மை செய்து, அங்கே ஆலை எழுப்புக! அந்தக் கணக்கைக் காட்டாமல் புதிய வயலைக் கேட்காதீர்!

இதைப் படிக்கும் தோழரே, உம் ஊரில் மூடிய ஆலை உண்டா? அடுத்த ஊர்மன்றக் கூட்டத்தில் எழுந்து கேளும்: “அந்த மண்ணைச் சோதித்தீர்களா?”