செவிலியப் பயிற்சி தகுமா?



கடன்பட்டேனும் மகளைச் செவிலியப் பயிற்சிக்கு அனுப்பலாமா எனத் திருத்தணிப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். ஏற்புடைய பயிற்சியாயின் தகும். அன்றேல் தகாது என்பதே என் விடை.

துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு; பட்டயம் 3; பட்டம் 4. ஓராண்டில் ‘நர்சிங்’ கற்பிக்கும் தனியார் நிலையச் சான்றிதழ் செவிலியர் குழுமப் பதிவுக்கு உதவாது. பதிவின்றி அரசுச் செவிலியர் பணியும் இல்லை, கடனே எஞ்சும்.

உச்ச நீதிமன்ற ஆணைவழி அமைந்த குழு 2016இல், சிறு தனியார் மருத்துவமனையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாது தரவேண்டுமெனப் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கைக்கு வருவது வேறு. முன்னர்ப் பயின்றோரைக் கேட்டறியுங்கள். அரசுக் கல்லூரிகளில் நமக்குரிய 18 விழுக்காட்டு இடத்துக்கே முதலில் விண்ணப்பியுங்கள்.

நம் பாட்டிமார் சிலர் படி நெல்லுக்குப் பிள்ளைப்பேறு பார்த்துத் தீட்டும் சுமந்தனர். பேத்தியர் பதிவெண்ணோடு பணிபுரியட்டும்.