வருத்தம் மட்டும் போதுமா?

திருத்தணி, அரக்கோணம் பக்கத்து உறவினரைக் கண்டு திரும்பும் ஆந்திரத் தமிழராகிய நமக்கு ரேணிகுண்டா பழகிய இடம். சென்னை–மும்பை இருப்புப்பாதையும் கூடூர்–காட்பாடிப் பாதையும் கூடும் சந்திப்பு அது. அங்கிருந்து திருப்பதி ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. ஆயினும் அச்சிறு தொலைவுக்கு, சில நாட்களில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம்.

காரணம் விளங்காததன்று. பாதை ஒன்று, வண்டிகள் பல. விரைவு வண்டிக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் வண்டி ஒதுங்கி நிற்கிறது. தொலைதூரப் பயணிக்கு அரைமணித் தாமதம் சலிப்பு. புத்தூரிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வரும் கூலியாளுக்கோ அது அரைநாள் ஊதியம்.

2020-இல் பெருந்தொற்றால் நின்ற பாசஞ்சர் வண்டிகள் பல, பின்னர் விரைவு வண்டி என்னும் பெயருடன் மீண்டன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024-இல்தான் பழைய கட்டணம் திரும்பியது. பெயரும் கட்டணமும் மாறியபோதும் காத்திருப்பு மாறவில்லை.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று உறுத்துகிறது. நிலையங்களில் தாமதத்துக்கான வருத்தம் மூன்று மொழிகளில் ஒலிக்கிறது. வண்டி எப்போது வரும் என்பது சில வேளை ஒன்றிலும் ஒலிப்பதில்லை. உண்மை நேரத்தை முன்னரே உரைத்தால், பேருந்தையாவது நாடுவோம். நாம் வேண்டுவது வேகமன்று, நம்பத்தக்க சொல்.