அறைக்கு நான்கு பேர்: செயற்கூறுகளுக்கிடையே மாறிகளைப் பகிரும் கலை

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு செயற்கூறு கண்டறிந்த மதிப்பை மற்றொரு செயற்கூறும் அறியும்படி செய்வது தொடக்கநிலை மாணவரும் சில நாள்களிலேயே கற்றுவிடும் பாடம். ஆயினும் நிரல்களில் நேரும் பிழைகளின் வேரைத் தோண்டிப் பார்த்தால், எந்த மதிப்பைப் பகிர்வது, எதைப் பகிராமல் விடுவது என்னும் முடிவில் நேர்ந்த கவனக்குறைவு அங்கே திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்த முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்பதை, வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டி வட்டாரத்தினர் நன்கறிந்த பட்டாசுத் தொழிலின் கணக்குகளைக் கொண்டே இவ்வுரை ஆராய்கிறது.

முதலில் சொற்கள். மாறி என்பது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம். நிரல் ஓடும்போது அம்மதிப்பு மாறக்கூடும் என்பதால் அப்பெயர். செயற்கூறு என்பது ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தது. ஒரு பொருளுக்கு உரியதாக அமையும் செயற்கூற்றையே மெத்தட் என்கின்றனர். சில மாறிகளையும் அவற்றைக் கையாளும் செயற்கூறுகளையும் சேர்த்து வரையும் திட்டம் கிளாஸ். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்கள் அதனை இனக்குழு என்று வழங்குகின்றன. அத்திட்டத்தின்படி நினைவகத்தில் உருவாகும் ஒவ்வொன்றும் ஒரு பொருள். பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் வழியாகவும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வழியாகவும் கணினி அறிவியல் மாணவர்கள் இப்பாடத்தைப் படிக்கின்றனர்.

பட்டாசு ஆலையின் ஓர் அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. அது எத்தனை உயிர்களின் விலையில் நினைவூட்டப்படுகிறது என்பதை இவ்வட்டாரத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்விதியைக் காப்பதற்காக, ஒவ்வோர் அறையிலும் இருப்போரை எண்ணும் ஒரு நிரல் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். ‘அறை’ என்பது இனக்குழு. ‘நுழை’, ‘வெளியேறு’ என்பன அதன் செயற்கூறுகள். உள்ளே இருப்போர் எண்ணிக்கை ஒரு மாறி. இந்த மாறியை ‘நுழை’ என்னும் செயற்கூற்றுக்குள்ளேயே வைத்தால் அது உள்ளமை மாறியாகி, செயற்கூறு வேலையை முடித்த கணமே மறைந்துவிடும். அடுத்தவர் வரும்போது எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும், ஆகவே நாற்பது பேர் வந்தாலும் ஒவ்வொருவரையும் முதல் ஆளாகவே கருதி நிரல் உள்ளே விடும். எல்லா இனக்குழுக்களுக்கும் வெளியே வைத்தால் அது முழுதளாவிய மாறியாகும். அப்போது ஆலையின் அறுபது அறைகளுக்கும் எண்ணிக்கை ஒன்றே என்றாகி, அறைக்கு ஒருவராக நான்கு அறைகளில் நான்கு பேர் நுழைந்தவுடனே ஐந்தாமவருக்கு ஆலை முழுவதிலும் இடமில்லை என்று நிரல் சொல்லிவிடும். அறை என்னும் பொருளுக்குள், அதன் செயற்கூறுகளுக்குப் பொதுவாக வைக்கும்போதுதான் கணக்கு நேராகிறது. ‘நுழை’ கூட்டியதை ‘வெளியேறு’ கழிக்கும், ஏழாம் அறையின் எண்ணிக்கையை எட்டாம் அறை தொடாது. இவ்வாறு பொருள்தோறும் தனித்தனியே அமைவது சான்றுரு மாறி எனப்படுகிறது.

இந்தப் பகிர்வு நடக்கும் இடத்தைப் பைத்தான் மொழி மறைக்காமல் காட்டுகிறது. செயற்கூறு வெளியிலிருந்து மதிப்பை வாங்கிக்கொள்ளும் பெயருக்கு அளபுரு என்று பெயர். பைத்தானில் பொருளின் செயற்கூறுகளுக்கு முதல் அளபுருவாக அந்தப் பொருளே வந்து நிற்கும், அதனை செல்ஃப் என்று அழைப்பது மரபு. செல்ஃப் என்று எழுதிப் புள்ளியிட்டு எழுதிய மாறி பொருளுக்கு உரியது. அவையின்றி மதிப்பு எழுதப்பட்ட மாறி அந்தச் செயற்கூற்றோடு முடிந்துபோவது. ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் இத்தகைய முன்னொட்டு கட்டாயமில்லை. ஆகவே, பொருள் உருவாகும்போது முதலில் இயங்கும் செயற்கூறாகிய ஆக்கியின் அளபுருவுக்கும் பொருளின் மாறிக்கும் ‘வரம்பு’ என்னும் ஒரே பெயர் அமைந்து, ‘வரம்பு = வரம்பு’ என்று ஒரு வரி எழுதப்பட்டால், அது அளபுருவின் மதிப்பை அளபுருவுக்கே கொடுத்துவிட்டு நிற்கும்; ஜாவாவில் பொருளின் வரம்பு சுழியாகவே இருக்க, நிரலோ பிழையென்று நிறுத்தப்படாமல் ஓடத் தொடங்கும். மாறி யாருடையது என்பது வரியைப் படித்தவுடனே தெரிவது பெரிய நன்மை என்பதால், கற்பவருக்குப் பைத்தானின் வழக்கமே நல்லது.

ஆயினும் அதே பைத்தானில் மாணவர் பலர் இடறும் பள்ளம் ஒன்று உண்டு. இனக்குழுவின் உடலில், செயற்கூறுகளுக்கு வெளியே எழுதும் மாறி அந்த இனக்குழுவின் எல்லாப் பொருள்களுக்கும் பொது. அதற்கு இனக்குழு மாறி என்று பெயர். நான்கு என்னும் வரம்பை அங்கே வைப்பது மிகப் பொருத்தம், ஏனெனில் எல்லா அறைக்கும் வரம்பு ஒன்றே. ஆனால் உள்ளே இருப்போரின் பெயர்களைத் தாங்க வேண்டிய பட்டியலையும் அங்கேயே வைத்துவிட்டு, ஏழாம் அறையில் ஒரு பெயரைச் சேர்த்தால், அப்பெயர் எட்டாம் அறையிலும் ஒன்பதாம் அறையிலும் தோன்றும்; இருப்பது ஒரே பட்டியல், எல்லா அறைகளும் சுட்டுவது அதனையே. எண்ணாக இருந்தால் இப்படி நேராது என்பது குழப்பத்தை மேலும் வளர்க்கிறது: செல்ஃப் வழியாக எண்ணைக் கூட்டும்போது புதிய மதிப்பு அந்தப் பொருளுக்கு மட்டும் எழுதப்படுகிறது, பட்டியலில் சேர்க்கும்போதோ இருக்கும் பட்டியலே மாற்றம் அடைகிறது. பட்டியலை ஆக்கிக்குள் உருவாக்கிவிட்டால் ஒவ்வோர் அறைக்கும் தனிப் பட்டியல் கிடைக்கும்.

மாறியை எங்கே வைப்பது என்பது விளங்கிய பின்னும், எதை வைப்பது என்னும் கேள்வி நிற்கிறது. கலை என்று சொல்லத்தக்கது இந்தப் பகுதியே. பட்டாசுத் தொழிலில் பல வேலைகளுக்குச் செய்து முடித்த உருப்படிகளின் கணக்கில் கூலி வழங்கப்படுகிறது. வாங்கிய முன்பணம் இருந்தால் அது கூலியில் பிடிக்கப்படும். ‘கணக்கர்’ என்னும் ஒரே பொருள் தொழிலாளர் எல்லோருக்கும் கூலி போடுவதாகவும், அதன் ‘கணக்கிடு’ என்னும் செயற்கூறு பிடித்தத் தொகையைப் பொருளின் மாறியில் எழுதிவைக்க, ‘சீட்டு அச்சிடு’ என்னும் செயற்கூறு அதை எடுத்துக் கழிப்பதாகவும் அமைத்தால், முதல் சோதனையில் எல்லாம் சரியாகவே தோன்றும். முன்பணம் இருந்தால் மட்டுமே பிடித்தத்தை எழுதும்படி ‘கணக்கிடு’ அமைந்திருக்குமானால், முன்பணம் வாங்கிய ஒருவருக்கு 500 ரூபாய் பிடித்த பிறகு, அடுத்து வரும், முன்பணமே வாங்காத பெண்ணின் சீட்டிலும் அதே 500 ரூபாய் குறையும். முந்தையவரின் தொகை மாறியில் அப்படியே கிடக்கிறது, அதை அழிப்பார் இல்லை. பெயர்களின் வரிசை மாறினால் பிழையும் இடம் மாறும், ஆகவே முறையிட வந்தவர் பொய் சொல்வதாகக்கூட எண்ணப்படலாம். கலந்த வெடிமருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கலாகாது என்பது பட்டாசு வட்டாரம் முழுவதும் அறிந்த எச்சரிக்கை. ஈரம் ஏறிய மருந்து இரவோடிரவாகச் சூடேறக்கூடும், காலையில் வந்து கைவைப்பவருக்கு அதற்குள் என்ன நிகழ்ந்தது என்பது தெரியாது. ஒரு செயற்கூறு விட்டுச்சென்ற மதிப்பில் கைவைக்கும் இன்னொரு செயற்கூறும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

எந்தச் செயற்கூறும் ஓடாத நேரத்திலும் உண்மையாக இருக்கும் செய்தியே பொருளின் மாறியாகத் தகுதி பெறும் என்பது இதற்கு நல்ல அளவுகோல். ஏழாம் அறையில் மூவர் இருக்கிறார்கள் என்பது, நிரல் சும்மா இருக்கும்போதும் மெய். ஆகவே அது அறைக்கு உரியது. 500 ரூபாய்ப் பிடித்தம் என்பதோ ஒருவரின் ஒரு கூலிக்கு மட்டும் உரிய செய்தி; கணக்கருக்கும் அதற்கும் நிலையான உறவு இல்லை. அத்தகையதை ‘கணக்கிடு’ தன் விடையாகத் திருப்பி அனுப்ப வேண்டும், ‘சீட்டு அச்சிடு’ அதனை அளபுருவாகப் பெற வேண்டும். இப்படிக் கைமாற்றினால் அளபுருக்கள் ஏழு, எட்டு என்று பெருகிவிடும் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆனால் எப்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் மதிப்புகள், தமக்கென ஒரு பொருள் வேண்டும் என்று கேட்கின்றன என்பதையே அது காட்டுகிறது. உருப்படிகளின் எண்ணிக்கை, கூலிவீதம், பிடித்தம் ஆகியவற்றைத் தாங்கிய ‘கூலிச்சீட்டு’ என்னும் இனக்குழுவை வரைந்து, ஆளுக்கொரு சீட்டை உருவாக்கினால், முந்தையவரின் எச்சம் அடுத்தவரிடம் சேர வழியே இராது.

எதைப் பகிர்வது என்னும் இக்கேள்வி பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கும் முற்பட்டது. 1958இல் வந்த, ஃபோர்ட்ரான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு, காமன் என்னும் பெயரில் துணைநிரல்கள் யாவும் கைவைக்கக்கூடிய பொது நினைவிடத்தைத் தந்தது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1967இல் வடித்த சிமுலா மொழிதான் மதிப்புகளையும் அவற்றைக் கையாளும் செயற்கூறுகளையும் ஒரே பொருளுக்குள் கட்டிவைத்தது. அப்பணிக்காக இருவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஒரு கூறின் உள் முடிவுகள் பிற கூறுகளுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதினார். முழுதளாவிய மாறி தீங்கானது என்று வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் 1973இல் வாதிட்டனர்.

பகிர்ந்த மாறி என்ன செய்யக்கூடும் என்பதற்குத் தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைக் கருவியின் வரலாறு கொடிய சான்று. 1985 முதல் 1987 வரை அக்கருவி ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் இறந்தனர். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் யாகிமாவில் நேர்ந்த விபத்தில், ஒரு துணைநிரல் சரிபார்ப்பு தேவை என்பதைக் குறிக்க ஒரு மாறியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போக, மற்றொரு துணைநிரல் அம்மாறி சுழியாக இருந்தால் சரிபார்ப்பு தேவையில்லை என்று கொண்டது. அம்மாறிக்கு ஒதுக்கியது ஒரு பைட். அதில் 255 வரையே அடங்கும். ஆகவே ஒவ்வொரு 256ஆம் சுற்றிலும் அது சுழிக்குத் திரும்பியது. அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தியபோது சரிபார்ப்பு நடக்கவில்லை. ஒன்றைக் கூட்டுவதற்குப் பதிலாகச் சுழியல்லாத நிலையான மதிப்பொன்றை எழுதுவதே பின்னர் செய்யப்பட்ட திருத்தம். அந்நிரலில் பொருள்களும் இனக்குழுக்களும் இல்லை. ஆனால் ஒரு துணைநிரல் எழுதியதை மற்றொன்று வேறு அர்த்தத்தில் படிக்கும் நோயைப் பொருளுக்குள் மாறியை வைப்பது மட்டுமே தீர்த்துவிடாது.

ஆள் எண்ணும் நிரலிலும் இத்தகைய ஆபத்து மறைந்திருக்கிறது. ஒரே அறைக்கு இரண்டு வாயில்கள், வாயிலுக்கு ஒரு கருவி என்று வைத்தால், உள்ளே மூவர் இருக்கும்போது இரு கருவிகளும் ஒரே நொடியில் எண்ணிக்கையைப் படிக்க நேரலாம். அப்போது இரண்டும் மூன்று என்று கண்டு, இரண்டும் ஆளை உள்ளே விட்டு, இரண்டும் நான்கு என்று எழுதும். நிரல் நால்வர் என்று காட்ட, அறையில் ஐவர் இருப்பர். இதற்கு மொழிகள் தரும் கருவி பூட்டு. ஜாவாவில் சின்க்ரனைஸ்டு என்னும் சொல்லும் பைத்தானில் லாக் என்னும் பொருளும் அதற்காகவே உள்ளன. கூட்டும் வரிக்கு மட்டும் பூட்டுப் போட்டால் போதாது. இடம் உண்டா என்று பார்ப்பதும் கூட்டி எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும், இல்லையேல் ஐந்தாமவர் நுழைவது நிற்காது.

கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள், தாம் கடைசியாக எழுதிய நிரலை எடுத்து, பொருளின் ஒவ்வொரு மாறிக்கும் எதிரே அதை எழுதும் செயற்கூறு எது, படிக்கும் செயற்கூறு எது என்று ஒரு தாளில் குறித்துப் பார்க்க வேண்டும். ஒரு செயற்கூற்றிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோவதற்காக மட்டும் வைத்த மாறியை அங்கிருந்து நீக்கி, அளபுருவாக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும்.